சொல் எப்போது செயலாகிறது, எப்போது வெறும் சொல்லாக நின்றுவிடுகிறது?

வாக்குக் கொடுத்தல், பெயரிடுதல், மன்னிப்புக் கேட்டல், மணமக்களாக ஒருவரையொருவர் ஏற்றல் ஆகியவை சொல்லாலேயே நிகழும் செயல்கள் என்று மொழித் தத்துவம் சொல்கிறது. அப்படியானால் அதே சொற்களைச் சொல்லியும் சில வேளைகளில் செயல் நடக்காமல் போவது ஏன், சொல்பவரின் மனத்தில் உண்மையான எண்ணம் இருந்தால் போதாதா என்பது கேள்வி. என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், மனத்தில் இருக்கும் எண்ணம் போதாது; பல செயல்களுக்கு அது தேவையும் இல்லை. ஒரு பேச்சுச் செயல் வாய்த்ததா இல்லையா என்பதைச் சொன்னவருக்கு வெளியே இருப்பவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன: நடைமுறை, அதிகாரம், கேட்பவரின் புரிதல். இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்க வேண்டுமானால், ஒவ்வொரு வழக்கிலும் ‘செயல் நடக்கவில்லை’ என்று முடிவானால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பாடநூல்கள் நிபந்தனைகளைப் பட்டியலிடுகின்றனவே தவிர, இந்தக் கேள்வியை அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். ‘வெற்றி’ என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. செயல் நடந்ததா என்பது ஒன்று. நடந்தது முறையாக, மனமொப்பி நடந்ததா என்பது இன்னொன்று. அதனால் எதிர்பார்த்த பயன் விளைந்ததா என்பது மற்றொன்று. ஆற்றில் இறங்காதே என்று நான் எச்சரித்து, நீங்கள் அதைப் புரிந்துகொண்டும் இறங்கினால், எச்சரிக்கை பயன் தரவில்லையே ஒழிய, எச்சரித்தல் என்ற செயல் குறைவின்றி நடந்துவிட்டது. சொல்லில் நிகழும் செயலையும் சொல்லால் விளையும் பயனையும் இப்படிப் பிரித்துக் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் (1911–1960). அவர் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய வில்லியம் ஜேம்ஸ் சொற்பொழிவுகள், அவர் இறந்தபின் 1962-இல் நூலாக வெளிவந்தன. மூன்றாம் கேள்வி உளவியலுக்கும் பேச்சுத்திறனுக்கும் உரியது என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன். தத்துவச் சிக்கல் முழுவதும் முதல் இரண்டில்தான் இருக்கிறது.

ஆஸ்டின் தோல்விகளிலிருந்து தொடங்கினார். அவர் வகுத்த நிபந்தனைகளில் நான்கு, செயல் நடப்பதற்கே தேவையானவை. இன்ன சூழலில் இன்னார் இன்ன சொற்களைச் சொன்னால் இன்ன விளைவு உண்டு என்று ஏற்கப்பட்ட ஒரு நடைமுறை இருக்க வேண்டும். ஆட்களும் சூழலும் அந்த நடைமுறைக்கு உரியவையாக இருக்க வேண்டும். பங்கேற்போர் அனைவரும் அதைப் பிழையின்றியும், குறைவின்றி இறுதிவரையும் நிறைவேற்ற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் செயல் நடக்கவே இல்லை. கப்பலுக்குப் பெயரிட நியமிக்கப்படாத ஒருவர், மேடையேறிப் போத்தலைப் பறித்து உடைத்து, ‘இதற்கு ஸ்டாலின் என்று பெயரிடுகிறேன்’ என்று கத்தினாலும் கப்பலுக்கு அந்தப் பெயர் வந்துவிடாது. எஞ்சிய இரண்டு நிபந்தனைகள், அந்த நடைமுறை எதிர்பார்க்கும் எண்ணமும் உணர்வும் பேசுபவருக்கு இருக்க வேண்டும், பின்னர் அவர் அதன்படி நடக்க வேண்டும் என்பவை. இவை தவறினால் செயல் முறைகேடானதே தவிர, நடக்காததாகிவிடாது. நடக்காமற்போதல், முறைகேடாக நடத்தல் என்னும் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தெளியும்.

செயல் நடக்காமற்போவதற்கு அண்மைக் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் எழுந்த சிக்கலைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், குடும்பமும் சமூகமும் சேர்ந்து செய்வதாகக் காட்டும் ஆர்வத்தில், சில இடங்களில் ‘நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்’ என்று சொல்லப்பட்டு வந்தது. அவ்வாறு அளிக்கப்பட்ட திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 ஆகஸ்டில் அறிவித்தது. திருமுழுக்கில் கிறிஸ்துவே செயல்படுகிறார், குரு அவருடைய இடத்தில் நின்று பேசுகிறார், ஆகவே அங்கே ‘நாங்கள்’ என்பதற்கு இடமில்லை என்பது அதன் விளக்கம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு குரு, தாம் குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் காணொளியைப் பார்த்து, அதில் ‘நாங்கள்’ என்று சொல்லப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். திருமுழுக்கு இல்லையென்றால் குருத்துவமும் இல்லை; குருத்துவம் இல்லையென்றால் அவர் நிறைவேற்றிய திருப்பலிகளும் கேட்ட பாவசங்கீர்த்தனங்களும் செல்லாதவை. அவர் மறுபடி திருமுழுக்குப் பெற்று, மறுபடி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரே குரு பல ஆண்டுகளாக ‘நாங்கள்’ என்று சொல்லிவந்தது தெரியவந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் திருமுழுக்கு கேள்விக்குள்ளானது.

இங்கே யாருடைய நேர்மையிலும் குறை இல்லை. பெற்றோரும் குருவும் நல்ல மனத்தோடு நின்றார்கள், நீர் ஊற்றப்பட்டது, எல்லாரும் நடந்ததாகவே நம்பினார்கள். ஆனாலும் ஒரு சொல் மாறியதால் நடக்கவில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. டெட்ராய்ட் குரு, உண்மையில் குருவாக இல்லாத காலத்தில், சரியான சொற்களால் மற்றவர்களுக்கு அளித்த திருமுழுக்குகள் செல்லும். ஏனெனில் அவசியமான வேளையில், திருமுழுக்குப் பெறாதவர்கூட அதை அளிக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அவரே நிறைவேற்றிய திருப்பலி செல்லாது, அவரே அளித்த திருமுழுக்கு செல்லும். சொல்பவருக்குத் தகுதி வேண்டுமா என்பதற்குப் பொதுவான விடை இல்லை, ஒவ்வொரு நடைமுறையும் தன் தகுதியைத் தானே வகுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சொல் பிறழ்ந்தால் எல்லா இடத்திலும் செயல் கெட்டுவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அரசமைப்புச் சட்டம் சொல்லுக்குச் சொல் வகுத்துள்ள உறுதிமொழியில் ஒரு சொல்லை இடம்மாற்றிச் சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளை மாளிகையில், எச்சரிக்கை கருதி என்ற விளக்கத்துடன், பிரமாணம் மறுபடி எடுக்கப்பட்டது. முதல் நாளே அவர் அதிபராகிவிட்டார் என்பதுதான் அறிஞர் பெரும்பாலோரின் கருத்து; பதவிக்காலம் நண்பகலில் தானாகவே தொடங்கும் என்று இருபதாவது திருத்தம் சொல்கிறது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை மொழியின் இலக்கணம் தீர்மானிக்கவில்லை, அந்த நிறுவனம் தீர்மானிக்கிறது. ஒன்று ஒற்றைச் சொல்லுக்காக ஆயிரக்கணக்கானோரைத் திரும்ப அழைக்கிறது; மற்றொன்று ஐயம் தீர ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இனி, மனத்தின் பங்கு. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில் ஹிப்போலிட்டஸ், ‘நாக்குத்தான் சத்தியம் செய்தது, என் மனம் செய்யவில்லை’ என்கிறான். ஆஸ்டின் இந்த வரியை எடுத்துக்கொண்டு, சத்தியம் என்பது உள்ளே நடக்கும் ஓர் ஆன்மிகச் செயலின் வெளி அடையாளம் மட்டுமே என்று கருதுவோர், ஆழமானவர்களாகத் தோன்றிக்கொண்டே ஏமாற்றுக்காரனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறார்கள் என்று காட்டினார். ஹிப்போலிட்டஸுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவன் அந்தச் சத்தியத்தை மீறவில்லை, அதைக் காப்பாற்றியே செத்தான், அந்த ஒரு வரியை வைத்து நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் காலத்திலிருந்தே அவனைக் கேலி செய்து வருகிறார்கள். ஆனால் வாதம் நிற்கிறது. மனம் ஒப்பாத வாக்குறுதி வாக்குறுதியே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் ஆதாயம் பொய்யாக வாக்களித்தவனுக்கே போய்ச் சேரும். ‘வாக்கை மீறிவிட்டாய்’ என்று அவனை யாரும் கேட்க முடியாது; கொடுத்தால்தானே மீறுவதற்கு. நேர்மையின்மை ஒரு செயலை முறைகேடாக்கலாம், இல்லாததாக்க முடியாது என்ற விதி இந்தக் கதவை மூடுகிறது.

ஆஸ்டினின் வழியில் சென்ற ஜான் சேர்ல், 1969-இல் வெளிவந்த நூலில் வாக்குறுதியின் நிபந்தனைகளை இன்னும் நுட்பமாகப் பிரித்தார். வாக்கின் பொருள் சொல்பவரின் வருங்காலச் செயலாக இருக்க வேண்டும். அது கேட்பவர் விரும்புவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிரட்டலாகிவிடும். சொன்னதன் மூலம் ஒரு கடப்பாட்டை ஏற்பதாகக் கொள்ளப்பட வேண்டும். எண்ணம் பற்றிய நிபந்தனையில் மட்டும் அவர் ஒரு திருத்தம் செய்தார். வாக்களிப்பவருக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, அந்த எண்ணம் தனக்கு இருப்பதாகப் பொறுப்பேற்றுக்கொள்கிறார் என்று வைத்தால், பொய் வாக்குறுதியும் வாக்குறுதிகளுக்குள் வந்துவிடும். மனமில்லாமல் கேட்ட மன்னிப்பும் இதே வகைதான். அது மன்னிப்புக் கேட்டல்தான். அதனால்தான் ‘நீ மனமாரக் கேட்கவில்லை’ என்று குறை சொல்ல முடிகிறது. கேட்கவே இல்லையென்றால் குறை வேறாக இருக்கும். ஆனால் வாக்குறுதியில் கடப்பாடு கையில் நிற்கிறது, மன்னிப்பில் வருத்தத்தைத் தவிர வேறெதுவும் பெரிதாக நிற்பதில்லை. அதனால் பொய்யான மன்னிப்பு, நடந்தும் வெறுமையாகத் தோன்றுகிறது.

எண்ணம் தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இன்ன செயலைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேறு, அதை மனமொப்பிச் செய்யும் எண்ணம் வேறு. திருமுழுக்கிலேயே, திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து அளிப்பவருக்கு இருக்க வேண்டும் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் வலியுறுத்தியது; அளிப்பவரின் சொந்த விசுவாசம் கேட்கப்படுவதில்லை. மேடையில் நடிகர் செய்யும் சத்தியம் அவரைக் கட்டாமல் இருப்பதும் இதனால்தான். மேடைப் பேச்சை ஆஸ்டின் ஒதுக்கிவைத்ததைப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா 1971-இல் தாக்கியதும், 1977-இல் சேர்ல் பதில் சொன்னதும் பெரிய சண்டையாகப் பேசப்படுகின்றன. நம் கேள்விக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவை எல்லாம் சடங்குச் சாயல் கொண்டவை. பேச்சுச் செயல்கள் எல்லாமே அப்படியல்ல என்று பி. எஃப். ஸ்ட்ராசன் 1964-இல் சுட்டிக்காட்டினார். எச்சரிக்கவும் கேட்டுக்கொள்ளவும் மறுக்கவும் எந்தச் சடங்கும் வேண்டாம். பேசுபவர் என்ன செய்ய முயல்கிறார் என்பதைக் கேட்பவர் அறிந்துகொண்டால் போதும். ஆனால் அந்த அறிதல் கட்டாயம் வேண்டும். கேட்பவர் காதில் வாங்கி, இன்ன பொருளில் சொல்லப்பட்டது என்று கொள்ளாதவரை எச்சரித்ததாகாது என்று ஆஸ்டினே எழுதினார். அவருக்கும் முன்பே, 1913-இல், ஜெர்மானியரான அடால்ஃப் ரைனாக், கேட்கப்பட வேண்டும் என்ற தேவையைத் தம் இயல்பிலேயே கொண்ட சமூகச் செயல்கள் என்று வாக்குறுதியையும் கட்டளையையும் வகைப்படுத்தியிருந்தார். முதல் உலகப் போரில் அவர் மடிந்ததால் அந்தச் சிந்தனை வெகுகாலம் கவனிக்கப்படாமல் போனது.

சொல்லப்படாத சொல்லையும் கேட்பவர் அறிந்துகொள்வதைத் தமிழ் இலக்கணம் நன்றாகவே கவனித்திருக்கிறது. நன்னூல் விடையை எட்டாக வகுத்து, கடைசி ஐந்தும் நேரே விடை சொல்லாவிட்டாலும் அப்பொருளையே தரும் என்கிறது. ‘இது செய்வாயா’ என்று கேட்டால் ‘உடம்பு நொந்தது’ என்பது உற்றதுரைத்தல். ‘செய்யேன்’ என்ற சொல் அங்கே இல்லை, மறுப்பு இருக்கிறது. படத்துக்குப் போகலாமா என்றதற்குத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று பதில் வந்தால் அது எப்படி மறுப்பாகிறது என்று 1975-இல் சேர்ல் ஆராய்ந்ததும் இதே வகையைத்தான். நேரான சொல் இல்லாமலே மறுப்பு வாய்க்கிறது.

நேர்மாறான நிலைதான் கவலைக்குரியது: ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லியும் மறுப்பு வாய்க்காமல் போவது. தத்துவவாதி ரே லாங்டன் 1993-இல் எழுதிய கட்டுரை இதை முன்வைத்தது. நாடகத்தில் தீ விபத்துக் காட்சியில் நடிக்கும் ஒருவர், அரங்கில் உண்மையாகவே தீப்பிடித்ததைக் கண்டு ‘தீ, தீ’ என்று அலறுகிறார். பார்வையாளர்கள் நடிப்பு என்று எண்ணி அமர்ந்திருக்கிறார்கள். டொனால்டு டேவிட்சனின் இந்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, பெண்ணின் ‘வேண்டாம்’ என்பது மறுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படாத நிலையை ஆபாசப் படைப்புகள் உருவாக்குமானால், அவள் வாய் கட்டப்படாமலே அவள் மறுக்கும் ஆற்றல் பறிக்கப்படுகிறது என்று அவர் வாதிட்டார். 1995-இல் டேனியல் ஜேக்கப்சன் கூரிய எதிர்வாதம் வைத்தார்: கேட்பவன் புரிந்துகொள்ளாததால் மறுப்பே நடக்கவில்லை என்றால், அவள் மறுக்கவில்லை என்று அவனுக்கே சாதகமாக முடியாதா? ஆதாயம் யாருக்கு என்ற கேள்வி இங்கே தானாகவே எழுகிறது. மறுப்பு நடக்கவில்லை என்பதால் சம்மதம் நடந்தது என்றாகாது, குற்றத்தைத் தீர்மானிப்பது சம்மதமின்மைதான் என்று 1998-இல் ஹார்ன்ஸ்பியும் லாங்டனும் பதில் தந்தார்கள். குற்றத்தைப் பொறுத்தவரை இது போதும். இருந்தாலும், கேட்பவனின் புரியாமைக்கு, அதுவும் அவன் புரிந்துகொள்ள விரும்பாத புரியாமைக்கு, ஒரு செயலை இல்லாமலாக்கும் அதிகாரத்தை ஏன் தர வேண்டும் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. நியாயமாகக் கேட்கும் எவரும் புரிந்துகொண்டிருப்பார் என்றால் மறுப்பு நடந்துவிட்டது என்று கொள்வதே சரி என்று நினைக்கிறேன். தத்துவவாதி குக்லா 2014-இல் விவரித்த மேற்பார்வையாளரின் நிலையும் இதை ஒட்டியதே: ஆண்கள் நிறைந்த தொழிற்சாலையில், கட்டளையிட முழு உரிமையுள்ள ஒரு பெண் உரிய சொற்களில் இடும் கட்டளைகள், கேட்பவர்களால் வேண்டுகோள்களாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அங்கே செயல் நடக்காமல் போகவில்லை. வேறொரு செயலாக மாற்றப்பட்டுவிட்டது.

ஏற்கப்பட்ட நடைமுறை இருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனையை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. யார் ஏற்க வேண்டும் என்பதை ஆஸ்டின் விரித்துரைக்கவில்லை. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களைக் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் திருமணமாகவே ஏற்றார்கள். 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அவை சட்டப்படி செல்லாது என்றது. அன்றைய சென்னை மாநிலத்தின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த மாநிலத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக அறிவித்தால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் திருமணம் நடந்துவிடும். அதோடு, முன்னர் இப்படி நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது அந்தப் பிரிவு. அன்று வாய்க்காத சொல் பிற்பாடு, பின்தேதியிட்டு வாய்த்தது. செயலின் வெற்றி சொன்ன கணத்தில் முடிந்துபோகும் ஒன்று என்ற நினைப்பை இது ஆட்டிவிடுகிறது.

தோல்வியில் ஒளிந்துகொள்ளும் முயற்சியையும் இங்கேயே காணலாம். இரண்டாம் திருமணக் குற்ற வழக்கு ஒன்றில், இன்றியமையாத சடங்குகள் நடந்ததாக நிறுவப்படவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்ற காரணத்தால் குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச நீதிமன்றத்தில் 1965-இல் தப்பினார். அதே வாதத்தைத் தமிழ்நாட்டு வழக்கொன்றில் ஒரு கணவர் எடுத்தார்: தீயை வலம்வந்து ஏழடி வைக்கும் சப்தபதிச் சடங்கு நடக்கவில்லை என்றார். 7-ஏ பிரிவின்படி அது தேவையில்லை, இரண்டாம் திருமணம் நடந்ததுதான், ஆகவே குற்றமும் நடந்ததுதான் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிப்பை எத்தனை பேர் கேட்க வேண்டும் என்பதும் வழக்கானது. குடும்பத்துக்கு அஞ்சி மறைவாக மணந்துகொள்வோர் ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கூறியது.

ஆஸ்டின் தம் சொற்பொழிவில், கிறிஸ்தவ நாட்டில் கிறிஸ்தவக் கணவன் மனைவியிடம் ‘உன்னை விவாகரத்து செய்கிறேன்’ என்று சொல்வதை, இஸ்லாமிய வழக்கத்தோடு ஒப்பிட்டு, நடைமுறை இல்லாததால் நடக்காத செயலுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். இந்தியாவில் நடைமுறையே விலக்கப்பட்டது. ஒரே நேரத்தில் மும்முறை தலாக் சொல்வதை 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு சொல்வது செல்லாது என்றும், சொன்னவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்றும் வகுத்தது. நடக்காத ஒன்றுக்குத் தண்டனை எப்படி என்று அப்போது பலர் கேட்டார்கள். ஆஸ்டினின் கோட்டை நேராக வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சட்டத்தின் கண்ணில் மனைவியாகவே இருக்கும் ஒருத்தி, அந்தச் சொல்லை இன்னும் ஏற்கும் குடும்பத்தின் கண்ணில் விலக்கப்பட்டவளாகி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட முடியும். ஒரே சொல் நீதிமன்றத்தில் வாய்க்காமலும் வீட்டுக்குள் வாய்த்தும் நிற்கிறது. சட்டத்தின் தண்டனைப் பிரிவு குறிவைப்பது இந்த இரண்டாவது வெற்றியை. அது எந்த அளவுக்குப் பலித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ‘செயல் நடந்ததா’ என்ற கேள்விக்கு ‘எந்த அவையின் முன்’ என்ற துணைக்கேள்வி இல்லாமல் விடை சொல்ல முடியாது என்பதில் எனக்கு வேறுபாடு இல்லை.